பச்சைக் காரிடம் வந்துபோகிறவர்

என் அண்ணனுக்குத் தெருவில் ‘தாலாட்டு’ என்று பெயர். கார்களைத் தூங்க வைக்கிறவர் என்பதற்காக எவனோ வேலை வெட்டி இல்லாதவன் வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனோ திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். “தூங்கற காரை எழுப்பறதுக்கு எவன் வேணும்னாலும் வருவான் பாப்பா. கெடாம தூங்க வைக்கறதுதான் கஷ்டம்” என்பார். எனக்கு ஐம்பத்தைந்து வயது ஆகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வெளிநாடு போவார்கள், இல்லை படுக்கையில் விழுவார்கள், இல்லை கூடப்பிறந்தவர்களோடு கோர்ட்டுக்குப் போவார்கள். விவகாரம் தீரும்வரை கார் எங்காவது நின்றாக வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டுப் போனால் இரண்டே வருடத்தில் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், பெட்ரோல் டேங்கில் துரு ஏறும், எலி ஒயரைக் கடித்துத் துப்பிவிட்டு சீட்டுக்குள் குட்டி போடும். அண்ணன் டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிடுவார். பேட்டரியைக் கழற்றிப் பலகைமேல் வைப்பார். எலி நுழையாமல் இருக்க சைலன்சர் வாயில் இரும்புப் பஞ்சை அடைப்பார். எடுக்க மறந்து யாராவது வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது என்று ஸ்டியரிங்கில் ஒரு சீட்டும் கட்டுவார். பிறகு மாதம் ஒரு முறை, இரண்டாவது சனிக்கிழமை, ஒவ்வொரு காரையும் கால் சுற்று தள்ளி வைப்பார். டயரின் ஒரே இடம் எப்போதும் தரையில் அழுந்தக் கூடாது அல்லவா? எத்தனை தள்ளினோம் என்பதற்கு டயரில் இருக்கும் வால்வுதான் கணக்கு. இந்த மாதம் மேலே இருந்தால் அடுத்த மாதம் பக்கத்தில், அதற்கடுத்த மாதம் கீழே. தள்ளி முடித்ததும் சுவரில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்தும் போடுவார்.

இடம், மூடிப்போன ஓர் அச்சகத்தின் காகிதக் கிடங்கு. காகிதத்துக்கு ஆகாத ஈரம் காருக்கும் ஆகாது. அதனால் அந்தத் தடித்த சுவரும் உயரத்தில் இருக்கும் சின்ன ஜன்னல்களும் இந்தத் தொழிலுக்கென்றே கட்டியது போல இருந்தன. அச்சகம் ஓடிய காலத்தில் அண்ணன் அங்கே கிடங்குப் பொறுப்பாளர். எனக்கும் அந்தக் கிடங்குக்கும் உள்ள சம்பந்தம் கார் உறைகள். பருத்தித் துணியில் நான் தைத்துக் கொடுப்பேன். பிளாஸ்டிக் போட்டால் உள்ளே வியர்த்து பெயின்ட் போய்விடும். உள்ளே போனால் பதினைந்து வெள்ளை உருவங்கள் வரிசையாக நிற்கும். தைத்தவள் நான்தான், யார் எந்த உறைக்குள் இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனாலும் அங்கே தனியாக நிற்க எனக்குப் பிடிக்காது.

அந்தப் பதினைந்தில் மூத்தது பச்சைக் கார். உருண்டை மூக்கு, மரப்பலகை வைத்த டேஷ்போர்டு. அச்சக முதலாளியுடையது. அவர் இறந்த பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகள் விற்க மனமில்லாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறாள். அண்ணன் தூங்க வைத்த முதல் கார் அதுதான், முதலில் கெடுத்ததும் அதைத்தான். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், முதலாளி வைத்தியத்துக்காக ஒரு வருடம் வெளிநாடு போனபோது காரை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு அப்போது முப்பது வயது, காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மழைக்கால ஆரம்பத்தில், கார் உருண்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டார். முதலாளி திரும்பி வந்து ஆசையோடு கிளப்பினால் வண்டி அசையவில்லை. பின்சக்கரத்துக்குள் பிரேக் கட்டை டிரம்மோடு சேர்ந்து துருப்பிடித்து ஒன்றாகிப் போயிருந்தது. மெக்கானிக் மூன்று நாள் சுத்தியலால் அடித்துத்தான் பிரித்தார். முதலாளி எல்லா ஆட்களுக்கும் முன்னால் வைத்து அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்று சாயங்காலம் அண்ணன் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்தக் காரிலும் ஹேண்ட்பிரேக் பக்கம் அவர் கை போனதே இல்லை. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதோடு சரி.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயதில் மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நாங்கள். கடைசி வருடம் என்னைப் பார்த்து, “நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன்தான் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் மனதுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருடம் அவருக்கு அறுபத்திரண்டு முடிந்தது.

முதல் தடவை நடந்தபோது நானும் கூட இருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை காலை. ஒரு புது உறையை அளவு பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் பச்சைக் காரின் உறையை விலக்கிவிட்டுக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பாப்பா, நீ இதைத் தொட்டியா?”

“எனக்கு வேற வேலை இல்லையா?”

“வால்வு மேல இருக்கணும். பக்கத்துல இருக்கு.”

“போன மாசம் தப்பா வச்சிருப்பீங்க.”

அவர் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். மூன்று நாளைக்கு முன்னால் ஒரு தேதி இருந்தது. பக்கத்திலேயே அவர் கையெழுத்து. புதன்கிழமை அவர் கிடங்குக்கு வரவே இல்லை என்று அடித்துச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “என் கையெழுத்து மாதிரியே போட்டிருக்கான்” என்றார். நான் விளையாட்டுக்கு, “உங்க வேலையைச் செஞ்சுட்டுப் போறதுக்கு ஒரு ஆள் கிடைச்சா நல்லதுதானே” என்றேன். என் வாயை எதால் அடிப்பது!

அடுத்த மாதம் உறையை விலக்கியதுமே மூக்கைத் துளைத்தது அந்துருண்டை வாடை. பானெட்டைத் திறந்தால் நான்கு மூலையிலும் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். பத்து வருடத்துக்கு முன்னால் அண்ணன் அந்துருண்டைதான் போட்டுக்கொண்டிருந்தார். சீட் துணியில் ஏறிய வாடை ஆறு மாதம் ஆனாலும் போவதில்லை என்று கார்க்காரர்கள் புலம்பியதால் அடியோடு விட்டுவிட்டார். இப்போது அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது.

“பாத்தியா பாப்பா? இது நான் இல்ல. நான் அந்துருண்டையைத் தொட்டே பத்து வருஷம் ஆச்சு. யாரோ வர்றான்.”

பூட்டு உடையவில்லை. சாவிகள் இரண்டே இரண்டு. ஒன்று அண்ணன் இடுப்பில், மற்றது வீட்டில் அண்ணியின் பெட்டியில். காரில் ஒரு திருகாணிகூடக் குறையவில்லை. ஒரு திருடன் பூட்டைத் திறந்து வந்து, டயரைக் கால் சுற்று தள்ளி, எலிக்கு மருந்து வைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகிறான் என்றால் போலீஸில் எப்படிப் புகார் கொடுப்பது? அண்ணன் ஆனாலும் திருடன் திருடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திருடனாக இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரிந்த இன்னொரு விடை அப்பா.

மூன்றாவது மாதம் பச்சைக் கார் நகரவில்லை. அண்ணன் கட்டைகளை எடுத்துவிட்டுத் தோள் கொடுத்துத் தள்ளினார். நானும் போய்க் கை கொடுத்தேன். முக்கி முக்கித் தள்ளியும் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றது. அண்ணன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

“உள்ள யாரோ பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றார் மெதுவாக.

உறை கண்ணாடிவரைதான் விலகியிருந்தது. டிரைவர் சீட் துணிக்குள் மறைந்திருந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, தெருவில் யாரோ கதவைப் பழுது பார்க்கும் சத்தம் கேட்கிறது, எனக்கோ அந்தத் துணியைத் தொடக் கை வரவில்லை. கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்தேன். உள்ளே யாரும் இல்லை. ஹேண்ட்பிரேக் முழுசாக மேலே இழுத்துவிடப்பட்டிருந்தது. சீட்டின்மேல் விரித்திருந்த துணியில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம் இருந்தது.

அண்ணன் அந்தப் பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மூன்று நாள் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அன்று என் தையல் பெட்டியிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்துப் பொடித்து, காரைச் சுற்றித் தரையில் மெல்லத் தூவி வைத்தோம். ஒன்பது நாள் கழித்து அண்ணன் என் வீட்டுக்கு ஓடி வந்தார். பொடியில் செருப்புத் தடம் இருந்தது. வலது குதிகாலின் வெளிப்பக்கம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அண்ணன் வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடப்பவர், அவர் செருப்பெல்லாம் அந்த இடத்தில்தான் முதலில் தேயும். அவர் தன் செருப்பைக் கழற்றித் தடத்தின்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்.

“அப்படியே பொருந்துது பாப்பா. என் செருப்பையே போட்டுக்கிட்டு வர்றான். வாசல்ல கழட்டிப் போட்டதை எடுத்து மாட்டிக்கிட்டு, திரும்பக் கொண்டுவந்து வச்சுட்டுப் போறான். எவ்வளவு திமிர் இருக்கணும்!”

நான் எதையோ சொல்லிச் சமாளித்தேன். எனக்குள் ஒரு கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுநாளே அண்ணியிடம் போய்க் கிடங்கின் இரண்டாவது சாவியைக் கேட்டேன். அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அது எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று மத்தியானமும் நான் கிடங்குக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கக் கதவு உண்டு, அதற்கும் அதே சாவிதான். அதன் வழியாக நுழைந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டேன். கடைசி வரிசையில் பெரிய நீலக் காருக்குப் பின்னால் ஒரு முக்காலி. மடியில் தைக்கவேண்டிய துணி. கைக்கு வேலை இருந்தால் பயம் தெரியாது என்று நினைத்தது எவ்வளவு முட்டாள்தனம். கூரைத் தகடு வெயிலில் சூடேறி டிக் டிக் என்று சத்தம் போடும். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சம் ஒவ்வோர் உறையாக நகர்ந்து போகும். காற்றே இல்லாத இடத்தில் ஏதோ ஓர் உறையின் ஓரம் லேசாக அசையும். நான் எண்ணிப் பார்த்தேன், பதினைந்து. மறுபடி எண்ணினேன். பதினாறு வந்துவிடுமோ என்று பயந்தே எண்ணினேன்.

வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். பெரிய கதவின் பூட்டில் சாவி திரும்பியது. தட்டுத் தடுமாறாமல், பழகிய கை திறக்கும் சத்தம். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அண்ணன் வந்தார்.

அண்ணன்தான். ஆனால் அவர் நடை வேறு மாதிரி இருந்தது. வலது கால் சாய்வது மட்டும் அப்படியே, மற்றபடி அவசர வேலை இருக்கும் வாலிபன் போல விறுவிறுவென்று வந்தார். உறையை ஒரே வீச்சில் மடித்தார். கட்டைகளை எடுத்தார். ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, தனி ஆளாகக் காரை அலுங்காமல் கால் சுற்று தள்ளினார். பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து அந்துருண்டை வைத்தார். பிறகு கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கைக் கடைசிவரை இழுத்தார். முதலாளியின் கார் உருண்டுவிடக் கூடாதே என்ற அந்த அக்கறை அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

மூன்று மாதமாக அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் போன மாதத்துக்கு, பிறகு பத்து வருடத்துக்கு, இப்போது முப்பத்திரண்டு வருடத்துக்கு.

நான் எழுந்துவிட்டேன். முக்காலி விழுந்து சத்தம் போட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். பயப்படவில்லை. காரிலிருந்து இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, மரியாதையாக நின்றார்.

“வாங்கம்மா. காகிதம் வாங்க வந்தீங்களா? முதலாளி ஊர்ல இல்லையே.”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’, ‘பாப்பா’ என்று தவிர வேறு விதமாகக் கூப்பிடாத வாய் அது.

“இல்ல... சும்மா... தைக்கறதுக்கு அளவெடுக்க...” என்று உளறினேன்.

வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே பேசியிருக்கிறேன் போல. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். “என் தங்கச்சியும் தையல்தாங்க. உங்கள மாதிரியே ஊசிய வாயில வச்சுக்குவா. முழுங்கித் தொலைக்கப் போறடின்னு ஆயிரம் தடவ சொல்லிட்டேன், கேக்க மாட்டா. எடுங்கம்மா முதல்ல.”

எடுத்தேன். சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டேன்.

“கோவிச்சுக்காதீங்க, நான் பூட்டணும்” என்றார். நான் வெளியே வந்தேன். அவர் அட்டையில் எழுதிவிட்டு வந்து பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். தெருமுனைவரை அவர் பின்னாலேயே போனேன். முனையில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் நின்றார், சுற்றிலும் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். தோள் தொய்ந்தது. பிறகு ஒரு கிழவரின் நடையில் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் ஒரு கடையின் மறைவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் அவரே வந்துவிட்டார். நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உங்க அண்ணி சொன்னா. சாவிய வாங்கிட்டுப் போனியாமே. அங்க போய் உக்காந்திருந்தியா?”

“ம்.”

“பாத்தியா?”

இராத்திரி முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடியிருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவும் செய்திருந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அதை மாற்றிக்கொண்டேன்.

“பாத்தேன்” என்றேன்.

“யாரு?”

“ஒரு ஆள். முப்பது வயசிருக்கும்.”

“திருடனா?”

“திருடன் இல்லண்ணா. வேலை செய்யத்தான் வர்றாரு. நல்ல மாதிரி. என்கிட்டகூட மரியாதையாப் பேசினாரு.”

அவர் மெஷின் பலகையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பக்கமாகச் சேர்த்தார்.

“வேலை எப்படி செய்றான்?”

“சுத்தமா செய்றாரு. தனியாவே தள்றாரு.”

“ஹேண்ட்பிரேக்?”

“அது மட்டும் தெரியல அவருக்கு.”

“போகப் போகத் தெரிஞ்சுக்குவான்” என்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மெஷின்மேல் வைத்தார். “இனிமே அவனே பாத்துக்கட்டும் பாப்பா. நான் நின்னுக்கறேன். போன வாரம் உன் வீட்டுக்கு வர்றதுக்கு வழி தெரியாம ரெண்டு மணி நேரம் சுத்தினேன். யார்கிட்டயும் சொல்லல. டாக்டர்கிட்ட போகணும்னா போலாம், நீ கூட வரணும். ஆனா அந்தப் பையன் அங்க தனியா வந்து போறான், அதான் யோசனையா இருக்கு. அவனுக்குன்னு யாராவது இருக்காங்களா? கேட்டியா?”

“ஒரு தங்கச்சி இருக்காளாம்” என்றேன்.

“பாத்துக்குவாளா?”

“பாத்துக்குவா.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு, சாவியை என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.